விலை குறைய வேண்டிய வீடு

போன வாரம் ஒரு நல்லது நடந்தது. மாமாவின் வீட்டை வாங்க ஒரு தம்பதி முன்வந்தார்கள். இந்த வாரம், அந்த வீடு எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று பேங்குக்குக் காட்ட வேண்டும்.

அதுதான் என் பிழைப்பு. எங்கள் ஊரான ஸ்டாக்டனில் இப்போது தெருவுக்குப் பாதி வீடுகள் அவற்றின் மேல் உள்ள கடனைவிட மலிவு. அப்படிப்பட்ட வீட்டைக் கடனுக்கும் குறைவான விலையில் விற்கப் பேங்கைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஷார்ட் சேல் என்பார்கள். வீட்டுத் தரகர்கள் ஃபைலை என் மேஜைமேல் போட்டுவிட்டுப் போவார்கள். அதன்பிறகு பேங்கோடு மல்லுக்கட்டுவது நான்.

இந்த ஃபைல் மட்டும் வேறு. இது என் மனைவி லிகாயா வளர்ந்த வீடு. அவளுடைய வைத்தியத்துக்காக மாமாவும் அத்தையும் வீட்டின் மேல் இரண்டாவதாக ஒரு கடன் வாங்கினார்கள். லிகாயா போய்விட்டாள். கடன் இருக்கிறது.

விற்பனை நடந்தால் கொஞ்சம் வாங்கிக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவதாக இரண்டாவது கடன் கொடுத்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதல் கடன் கொடுத்த பேங்க் இன்னும் தலையசைக்கவில்லை. அது மறுத்து, வீடு கோர்ட் வாசலில் ஏலம் போனால், அந்த எழுத்து செல்லாது. மகளின் வைத்தியக் கடன் மாமாவை மிச்ச ஆயுளுக்கும் துரத்தும்.

அது நடக்காது என்று முடிவு செய்துவிட்டேன். ரொம்ப நாளாக நான் முடிவு செய்த ஒரே விஷயம் அதுதான். மருமகன் என்பதால் இந்த ஃபைலில் எனக்குக் கமிஷன் கிடையாது. பேங்கின் விதி. நல்ல விதிதான்.

காரில் போய்க்கொண்டிருந்தபோது டார்லீன் கூப்பிட்டாள். வீட்டை விற்றுத்தரும் தரகர் அவள்.

"எங்க இருக்கே?"

"பாலத்துக்கிட்ட."

"வீட்டுக்கு மதிப்பு போட பேங்க் அனுப்பற ஆளு காலையிலயே வந்துடுவா. கெம்னு பேரு. கம்போடியாக்காரப் பொண்ணு. நேர்மையானவ. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"நேர்மையா இருந்தா என்ன பயம்?"

"கண்ணுக்குத் தெரியறதைத்தான் எழுதுவா. வாங்கறவங்க குடுக்கற விலையைவிட அவ போடற மதிப்பு கூடிடுச்சுன்னு வை, பேங்க் ஒத்துக்காது. ஏலம் அடுத்த வாரம். மறந்துடலையே?"

"இல்ல."

"வீட்டை அப்படி அப்படியே விடச் சொன்னியா?"

"எதையும் தொடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"யார்கிட்ட? உங்க அத்தைகிட்டயா?" டார்லீன் சிரித்தாள். "சரிதான். சாமி காப்பாத்தட்டும்."

தெருவில் திரும்பி, வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன். அடையாளம் தெரியவில்லை.

அந்தத் தெருவில் எல்லா வீட்டு முன்புறப் புல்லும் செத்து மஞ்சளாகக் கிடந்தது. எங்கள் வீட்டில் மட்டும் பச்சை. புல்லின் பச்சை இல்லை, பில்லியர்ட்ஸ் மேஜையின் பச்சை. காய்ந்த புல்லின் மேல் சாயம் அடித்திருந்தார்கள். வாசற்கதவில் புதுச் சிவப்புப் பெயின்ட். படியின் இரண்டு பக்கமும் பூந்தொட்டிகள். எதிர்வீட்டுத் தொட்டிகள் என்று பார்த்ததும் தெரிந்தது, எதிர்வீட்டு வாசல் மொட்டையாக இருந்தது.

கதவைத் திறந்தால் வதங்குகிற பூண்டு வாசனை. ஏசி செத்து இரண்டு கோடை ஆகிறது. எங்கிருந்தோ இரவல் வாங்கிய மின்விசிறிகள் ஆளுக்கொரு திசையில் சுழன்றுகொண்டிருந்தன.

அத்தை ஆவ்ரேலியா சர்ச்சுக்குப் போகிற உடையில் அடுப்பின் முன் நின்றாள்.

"செருப்பை வெளிய விடு செல்மோ. இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

"என்ன அத்தை பண்ணி வச்சிருக்கீங்க?"

"பான்சித் நூடுல்ஸ். பொரிச்ச லும்பியா ரோல். கேக்கு சொல்லியிருக்கேன், வந்துடும்."

"நான் சமையலைக் கேக்கல. வெளிய புல்லு."

"நல்லா இருக்கில்ல? சர்ச்சுல சொன்னேன். ரெண்டு பேர் வந்து பம்பு வச்சு அடிச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. காசு வாங்கல."

"எதையும் தொட வேணாம்னு சொன்னேனே."

"நீ சொல்லுவே. வர்றது ஒரு பொம்பளையாமே? என் அடுப்படியையும் கக்கூஸையும் பாத்துட்டுப் போய், ஆவ்ரேலியா வாழ்ந்த லட்சணத்தைப் பாருன்னு ஊரெல்லாம் சொல்லணும், அதானே?"

"அவங்க விருந்தாளி இல்ல அத்தை. பேங்க் ஆளு."

"பேங்க் ஆளுக்குப் பசிக்காதா?"

சாப்பாட்டு மேஜையில் மாமா ஃபிடென்சியோ இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பழங்களை டப்பாவில் அடைக்கிற ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இயந்திரச் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. மீதிக் காதையும் அத்தை பேசும்போது பயன்படுத்த மாட்டார்.

"மாமா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சட்டை போடுன்னா. போட்டேன்," என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். கூடத்தில் இருந்த கண்ணாடி அலமாரி இடம் மாறியிருந்தது. பின்பக்கக் குளியலறைக் கதவை மறைத்து அதை நிறுத்தியிருந்தாள். நான் இன்று காட்ட நினைத்ததே அந்தக் குளியலறையைத்தான். நகராட்சி அனுமதி இல்லாமல் கட்டியது. விலையைக் குறைக்கப் போதுமான காரணம்.

"அலமாரியை ஏன் அங்க வச்சீங்க?"

"அங்கதான் அழகா இருக்கு."

"அத்தை, கேளுங்க. வீடு மோசமா இருந்தா நாம தப்பிச்சோம். நல்லா இருந்தா தோத்தோம்."

"இது என்னடா நியாயம்?"

"நியாயம்னு நான் சொல்லல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கையை விட்டுப் போறதுன்னா போகட்டும். ஆனா முகம் கழுவி, தலை வாரி, நல்ல துணி போட்டுத்தான் அனுப்புவேன். லிகாயாவை அப்படித்தானே அனுப்பினேன்?"

ஒரு மின்விசிறியை மாமாவின் பக்கம் திருப்பி வைத்தேன். வாசல் மணி அடித்தது.

சொதியா கெம் ஒல்லியாக இருந்தாள். கழுத்தில் கேமரா. அவளும் எங்களைப் போலச் செருப்புக் காலோடு வீட்டுக்குள் நுழையாத ஊர்க்காரிதான். வாசலில் குனிந்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைக் கழற்றினாள். அடியெல்லாம் பச்சை. ஷூவைப் பார்த்தாள். புல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மழை பெஞ்சா என்ன ஆகும்?"

"இந்த மாசத்துல இங்க மழை எங்க பெய்யுது?" என்றாள் அத்தை. "உள்ள வாம்மா. முதல்ல சாப்பிடு."

"வேணாங்க. வேலையா வந்திருக்கேன்."

"ஒரு வாய்."

"உங்க வீட்ல சாப்பிட்டா அப்புறம் நான் எழுதறதுக்கு மதிப்பு இல்லங்க."

"தண்ணியாவது குடிப்பியா?"

"தண்ணி குடிக்கறேன்."

அத்தை உயரமான கண்ணாடி டம்ளரில் கொண்டு வந்தாள். எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ். விளிம்பில் ஒரு துண்டுப் பழம்.

"இது தண்ணியா?"

"எங்க வீட்ல இதுதான் தண்ணி."

கெம் சிரித்துவிட்டாள். ஒரு வாய் குடித்தாள்.

அவள் ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தாள். நான் பின்னாலேயே போனேன். இந்த வட்டாரத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளின் விவரத்தை நீட்டினேன். வாங்கிப் புரட்டினாள்.

"இதெல்லாம் காலி வீடுங்க சார். ஜன்னல் உடைஞ்சது, செம்புக் குழாயைக் கூடப் பிடுங்கிட்டுப் போனது. இந்த வீடு அப்படி இல்லையே."

"ஏசி வேலை செய்யாது."

"எழுதிக்கறேன்."

"கூரை பழசு."

"வெளியிலேர்ந்தே பாத்துட்டேன்." மாடிப் படுக்கையறையில் அவள் கையால் ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். தூசி இல்லை. கீழே இறங்கி வந்து அத்தையிடம் சொன்னாள். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. ஒரு நாளைக்கு எத்தனையோ வீடு பாக்கறேன். இப்படி ஒண்ணு பாத்து நாளாச்சு."

அத்தையின் முகம் மலர்ந்தது. லிகாயா படுத்த பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அது லிகாயாவின் சிரிப்பு. அந்த ஒரு பாராட்டுக்கு வீடு எவ்வளவு விலை ஏறியிருக்கும் என்று என் மூளை தானாகக் கணக்குப் போட்டது. ஏலத்துக்குப் போகிற அளவுக்கு ஏறியிருக்கும்.

கெம் சாப்பாட்டு மேஜையைப் படம் எடுத்தாள். மேஜைக்கு மேல் சுவரில், இயேசு சீடர்களோடு உட்கார்ந்து உண்கிற பெரிய படம். அது வழக்கமாகக் கூடத்தில் மாட்டியிருக்கும். கேமராவை மூடினாள்.

"அவ்வளவுதான்னு நினைக்கறேன்."

"இன்னொரு ரூம் இருக்கு," என்றேன்.

"செல்மோ." அத்தையின் குரல்.

"அந்த அலமாரிக்குப் பின்னாடி."

"அது சும்மா சாமான் போடற ரூம்மா. பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

"குளியலறை. பெர்மிட் வாங்காம கட்டினது."

அலமாரியின் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். உள்ளே பீங்கான் தட்டுகள் கிணுகிணுத்தன. அது நகரவில்லை.

அத்தை என் முழங்கையைப் பிடித்தாள். "திறக்காதே. உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இதைக் கேக்கறேன்."

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்த அறைக்குள் போகாமல் இந்த வேலையை முடிக்க ஏதாவது வழி உண்டா என்று வாரம் முழுக்க நானும் யோசித்திருந்தேன். லிகாயா போனதிலிருந்து அந்தக் கதவை யாரும் தொடவில்லை. அவளை உள்ளே நாற்காலியில் உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான்.

"முடியாது அத்தை," என்றேன். "மன்னிச்சுடுங்க."

மறுபடி இழுத்தேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மாமா எழுந்து வந்தார்.

"தட்டை உடைச்சுடாதே," என்றார். "நான் அந்தப் பக்கம் பிடிக்கறேன். மெதுவா."

இரண்டு பேருமாகத் தூக்கி வைத்தோம். கதவு ஈரத்தில் ஊதி இறுகியிருந்தது. மாமா தோளால் இடித்துத் திறந்தார்.

முதலில் நாற்றம் வந்தது. பிறகு மாமா விளக்கைப் போட்டார். பிடித்துக்கொள்ளச் சுவரில் பொருத்திய கம்பிகள். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. அதற்குப் பின்னால் ஓடுகளுக்கு நடுவே கரும்பச்சையாகப் பூஞ்சை, இடுப்பு உயரத்துக்கு. இது எனக்குத் தெரியாது. அனுமதி இல்லாத அறை என்று மட்டும்தான் தெரியும். வாங்குகிறவர்களிடமும் அதை மட்டும்தான் சொல்லியிருந்தோம்.

"யார் கட்டினது?" கெம் என்னைக் கேட்டாள்.

"நான்," என்றார் மாமா. "நானும் ஆலையில கூட வேலை பாத்த ரெண்டு பேரும். மக மாடி ஏற முடியாம போனா. குளிக்கறதுக்கு மாடிக்குத்தான் போகணும். அதுக்காக."

"பெர்மிட்டுக்கு எழுதிப் போடலையா?"

"மாசக்கணக்குல ஆகும்னாங்க. அவகிட்ட அவ்வளவு மாசம் இல்ல."

கெம் கேமராவை மறுபடி திறந்தாள்.

"ஓடு பதிக்கறதுக்கு முன்னாடி, தண்ணி இறங்காம இருக்க சுவத்துக்கு ஒரு பூச்சு அடிக்கணும்," என்றார் மாமா. "அடிக்கல. தெரிஞ்சுதான் விட்டேன். அது காயற வரைக்கும் காத்திருக்கணும். அவ அன்னிக்கே குளிக்கணும்னா. சுவத்துக்குள்ள குழாயும் கசியுது. காதை வச்சுக் கேட்டா உங்களுக்குக் கேக்கும். எனக்குக் கேக்காது, ஆனா தெரியும்."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"மோசமான வேலை. இடிக்கணும்னு எழுதுங்க. அதுதான் உண்மை."

கெம் ஒரு ஓட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். சுவர் ஈர ரொட்டியைப் போல உள்ளே போனது.

"இதுக்கு அந்தப் பக்கம் எந்த ரூம்?"

திரும்பிப் பார்த்தேன். அத்தை அங்கே இல்லை. சாப்பாட்டு அறையில் ஏதோ இழுபடுகிற சத்தம். போய்ப் பார்த்தோம். அத்தை சர்ச் உடையோடு நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தாள். அந்தப் பெரிய படத்தைக் கழற்றி, கீழே நின்ற என் கையில் கொடுத்தாள்.

படம் இருந்த இடத்தில் சுவர் வீங்கியிருந்தது. பெயின்டுக்கு மேல் பெயின்ட், அதையும் தாண்டிப் பழுப்பாக ஒரு கறை.

"கொஞ்ச நாளாவே இருக்கு," என்றாள் அத்தை. "அடிச்சு அடிச்சுப் பாத்தேன். திரும்பத் திரும்ப வந்துச்சு. அதான் இயேசுவைக் கொண்டாந்து மாட்டினேன். படம் எடுத்துக்கோம்மா. கிட்டக்க வந்து நல்லா எடு. பாதி வேலையா போகாதே."

கெம் கிட்டே போய் எடுத்தாள். குளியலறைக்குத் திரும்பிப் போய் இன்னும் நிறைய எடுத்தாள். நாற்காலி படத்தில் விழாதபடி தள்ளி நின்று எடுத்ததைக் கவனித்தேன்.

அவள் ஷூ மாட்டும்போது அத்தை ஒரு டப்பாவை நீட்டினாள். மூடி முழுதாக மூடவில்லை, அவ்வளவு லும்பியா.

"வேணாங்க."

"பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சே?"

"எழுதி அனுப்பற வரைக்கும் கை நீட்டக் கூடாதுங்க."

"அப்ப அனுப்பிட்டு வா."

கெம் யோசித்தாள். "கேக்கு சொல்லியிருந்தீங்களே, அது இருக்குமா?"

"இருக்க வைக்கறேன்."

இந்தத் தடவை அவள் புல்லைச் சுற்றி, சிமென்ட் பாதையில் நடந்து போனாள்.

டார்லீனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சரி. மதிப்பு இறங்கிடும். பேங்க் ஒத்துக்கும்னே வச்சுக்குவோம்," என்றாள். "ஆனா வாங்கறவங்க?"

"அவங்களுக்கு என்ன?"

"அன்செல்மோ. சுவத்துல பூஞ்சை இருக்குன்னு இப்ப நமக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதை மறைச்சு விக்க முடியாது, சட்டம் விடாது. இன்னிக்கே அவங்ககிட்ட சொல்லியாகணும். வாங்கற பொண்ணுக்கு வயித்துல ஏழு மாசம். கைக்குழந்தையோட பூஞ்சை வீட்டுக்கு எவ குடி வருவா?"

"அவங்க போயிட்டா?"

"ஏலத்துக்குள்ள வேற ஆளைப் பிடிக்க என்னால ஆகாது. உன்னாலயும் ஆகாது."

ஃபோனை வைத்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன்.

மாமா குளியலறை வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் கட்டினது. நானே இடிச்சுக் குடுத்துடறேன். சுத்தமா, சுவத்துக்குள்ள இருக்கற மரக்கட்டை வரைக்கும். அவங்க குழந்தை பொறக்கறதுக்குள்ள. சுத்தியல் கராஜ்ல இருக்கு."

"இப்ப முடியாது மாமா. பேங்க் பதில் வர்ற வரைக்கும் ஒரு ஓடு கூட எடுக்கக் கூடாது. பாத்தது பாத்தபடி இருக்கணும்."

"பதில் வந்தப்புறம்?"

"வந்தப்புறம் இடிக்கலாம்."

"நீயும் வருவியா?"

அந்த நாற்காலியைப் பார்த்தேன்.

"வருவேன்," என்றேன்.

அத்தை ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாள். "அவங்களைக் கூப்பிடு."

"டார்லீன் பக்குவமா சொல்லிடுவா அத்தை."

"டார்லீன் என்ன சொல்றது? என் வீட்டு அழுக்கை நான் காட்டறேன். இப்பவே வரச் சொல்லு. சாப்பாடு வேற இவ்வளவு கிடக்கு."

"பாத்துட்டு வேணாம்னு போயிட்டா, எல்லாம் போச்சு. தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்காக ஒரு பச்சைக் குழந்தையை இதுக்குள்ள தூங்க வைக்கச் சொல்றியா? இந்த வீட்ல ஒருத்தி மூச்சுக்குத் தவிச்சதை நான் பாத்தாச்சு. ஒரு தடவை போதும்."

டார்லீன் மூலமாக எண் வாங்கிக் கூப்பிட்டேன். கணவன் எடுத்தான். வீய்யாசெனோர் என்று பெயர். பக்கத்தில்தான் கடைக்கு வந்திருப்பதாகவும், மனைவியும் கூட இருப்பதாகவும் சொன்னான். என்ன விஷயம் என்று கேட்டான். நேரில் பார்க்க வேண்டிய விஷயம் என்றேன். வருகிறோம் என்றான்.

மாமா குளியலறைக் கதவைச் சாத்தப் போனார். "திறந்தே இருக்கட்டும்," என்றேன். அது தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. உள்ளே போனேன். நாற்காலியைத் தூக்கிக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். நினைத்ததைவிட லேசாக இருந்தது.

இயேசு படம் சோபாவில் சாய்ந்திருந்தது. யாரும் அதைத் திரும்ப மாட்டவில்லை. அத்தை மேஜையில் தட்டுகள் வைத்துக்கொண்டிருந்தாள், கறைக்கு நேர் எதிரே.

தெருமுனையில் ஒரு பழைய கார் திரும்பியது. வாசலில் நின்றது. கணவன் இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட, அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். வீட்டை அண்ணாந்து பார்த்தாள். சிவப்புக் கதவு, பூந்தொட்டிகள், அந்தப் பச்சை. முகமெல்லாம் சந்தோஷம். ஏற்கெனவே தன் வீடாகிவிட்டதைப் போலப் புல்லின் குறுக்கே வரக் காலை எடுத்தாள்.

எனக்கு முன்னால் அத்தை வாசலுக்குப் பாய்ந்தாள்.

"மிதிக்காதேம்மா! அது நிஜப் புல்லு இல்ல, சாயம்! நான்தான் அடிக்கச் சொன்னேன்! உள்ள இன்னும் இருக்கு, வா, எல்லாத்தையும் காட்டறேன்!"

அந்தப் பெண் தூக்கிய காலைக் கீழே வைக்காமல், கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.